பிடித்து வைத்த மூச்சு

மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தும் கீறலின்றி எழுந்து நின்ற மகனின் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்ததுதான் அவரை முதலில் உறுத்தியது. தெருவே கூடிக் கைகூப்பியபோது அவர் மட்டும் அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடவுள் கையில ஏந்திக்கிட்டாருங்க," என்று அழுதாள் மனைவி.

"ஏந்தினா சரி. எப்படி ஏந்தினாராம்?"

மறுநாள் காலை வாசலில் வரிசை. நோயாளிப் பிள்ளைகளின் தலையில் மகன் கை வைக்க வேண்டுமாம். வைத்தான். நில் என்றால் நின்றான், உட்கார் என்றால் உட்கார்ந்தான். ஒரு வேலைக்கு மூன்று தடவை கத்த வைக்கிற பயல்! அவர் வரிசையைக் கலைத்து விரட்டிவிட்டு, தான் முப்பத்தொரு வருடமாக எக்ஸ்ரே எடுத்துவரும் மருத்துவமனைக்கு மகனைக் கிளப்பினார். மனைவியும் மச்சினனும் கூடவே வந்தார்கள்.

"நன்றி சொல்றதுக்கும் உங்களுக்கு ஃபிலிம் வேணுமா அத்தான்?" என்று சீண்டினான் மச்சினன்.

"வேணும்டா. புரியாததுக்கெல்லாம் அவர் பேரை ஒட்டிட்டு நீ நிம்மதியாத் தூங்கிடுவ. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, மானம் போயிடாது. என் பரம்பரையில யாரும் வீட்டு வாசல்ல வேடிக்கை காட்டினதில்ல. என் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

மதிய உணவு நேரம். சுத்தம் செய்யும் மருந்தின் நெடியும் பழைய மின்விசிறியின் கிறீச்சும் தவிர நடையில் எதுவும் இல்லை. எக்ஸ்ரே அறையில், முதுகை அவர் பக்கம் காட்டி, நெஞ்சைத் தகட்டோடு ஒட்டி, மோவாயை அதன் விளிம்பில் ஏற்றி மகன் நின்றான். தொட்டுச் சரிசெய்தபோது தோள் சில்லென்றிருந்தது.

"மூச்சை இழு. அப்படியே பிடி."

பொத்தானை அழுத்தினார். வெளியே மச்சினன் கதவைத் தட்டினான். அவனை அதட்டிவிட்டு, ஃபிலிமோடு அப்படியே இருட்டறைக்குள் போய்விட்டார்.

சிவப்பு விளக்கடியில், மருந்துத் தண்ணீருக்குள் படம் மெல்ல எழுந்தது. விலா எலும்புகள் நல்லபடி. கழுத்தின் அடியில் முதுகெலும்பு துண்டாகியிருந்தது. நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. இப்படி ஒரு படத்தை அவர் பிணங்களில்தான் பார்த்திருக்கிறார். மறுபடி கழுவினார். மறுபடி விளக்கில் பிடித்தார். அதே இடைவெளி.

அப்போதுதான் உறைத்தது. மூச்சை விடு என்று மகனிடம் சொல்லவில்லை.

கடிகாரம் பார்த்தார். பதினான்கு நிமிடம்.

எக்ஸ்ரே அறைக்குள் வந்தார். உள்ளிருந்து தாழிட்டார். மகன் நகரவில்லை. முதுகு ஏறவில்லை. இறங்கவில்லை.

"என்னங்க ஆச்சு? கடவுளேன்னு சொல்லுங்க, எல்லாம் சரியாயிடும்," மனைவியின் குரல் கதவுக்கு அப்பால்.

அந்தப் பெயர் தொண்டை வரை வந்தது. சொன்னால் போதும், கதவைத் திறந்துகொண்டு எல்லோரோடும் கைகூப்பலாம். விழுங்கினார். மகனின் முதுகைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

"மாட்டேன். எனக்குத் தெரியல. ஆனா உனக்குத் தெரியும். என் பிள்ளை எங்க? நீ யாரு?"

தோள்கள் தகட்டை விட்டு அசையவில்லை. தலை மட்டும் திரும்பியது. தோளைத் தாண்டியது. முதுகுப் பக்கம் வந்து நின்றது.

உப்பிய கன்னங்கள். இறுக மூடிய உதடுகள். கண்களில் அத்தனை பணிவு.

விடு என்று அவர் சொல்வதற்காக அது காத்திருந்தது.