பதில் தட்டு

காரை விட்டு முதலில் இறங்கியது சுத்தியல்தான்.

சுத்தியல் என்பது ஆளின் பட்டப்பெயர். கல்லூரியில் வைத்தது. பெஞ்சு, கதவு, முன்னால் உட்கார்ந்திருப்பவன் மண்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் தட்டிப் பார்க்கிற கை அவனுக்கு. பிற்பாடு அந்தக் கையையே பிழைப்பாக்கிக்கொண்டான். பழைய வீடு வாங்குகிறவர்கள் பேச்சை முடிக்கும் முன் அவனைக் கூப்பிடுவார்கள். அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரை தட்டி, அளந்து, துளைத்துப் பார்த்து, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்பான்.

"தர்பூசணி வாங்கப் போனாலும் இவன் இப்படித்தான். கடைக்காரன் விரட்டற வரைக்கும் தட்டிட்டே நிப்பான்," என்றாள் அக்கா.

"தர்பூசணி இடிஞ்சு தலைல விழாதுக்கா."

அக்கா சிரித்தாள். வீட்டை வாங்க வந்த அவள் தம்பி, சுத்தியலின் கல்லூரி நண்பன், சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்றில்லை. மனைவி போன பிறகு அவனுக்குள் அந்த இடம் மரத்துப் போயிருந்தது.

இப்போது இருக்கும் ஃப்ளாட்டில் எந்த அலமாரியைத் திறந்தாலும் அவள் வைத்தது வைத்தபடி இருந்தது. நாலு வயது மகள் அந்த அறைகளுக்குள் சத்தமில்லாமல் நடக்கப் பழகிவிட்டாள். குழந்தை ஓடி விளையாட ஒரு முற்றம் வேண்டும் என்று அக்கா ஓயாமல் சொன்னாள். அவனும் சரியென்றான். தனக்காக அவன் எதையும் கேட்கவில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அவனிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

வாசலில் ப்ரோக்கர் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார்.

"வயசான உடம்புல சுருக்கம் இல்லாம இருக்குமா சார்? சுவத்துல விரிசலும் அப்படித்தான்."

"சுருக்கம்னா விட்டுடலாம். எலும்பு முறிஞ்சிருக்கான்னு பாக்கத்தான் வந்திருக்கேன்," என்றான் சுத்தியல்.

ப்ரோக்கருக்கு முகம் சுண்டிவிட்டது. இன்னொரு இடத்தில் ஆள் காத்திருக்கிறார் என்று சாவியைக் கொடுத்துவிட்டு நழுவினார்.

உள்ளே போகும் முன் சுத்தியல் இரும்பு கேட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்தான். குழந்தை உள்ளே நின்றாள்.

"நான் இந்தப் பக்கம் தட்டுவேன். காதுல விழுந்தா நீ பதில் தட்டணும். அப்பத்தான் நான் அடுத்த இடத்துக்குப் போவேன். நீ பதில் தட்டலைன்னா?"

"போக மாட்டீங்க."

"அங்கயேதான் நிப்பேன். இருட்டினாலும் நிப்பேன். சோறு தண்ணி இல்லாம நிப்பேன்."

தட்டினான். குழந்தை வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சுத்தியல் மூஞ்சியைத் தொங்கப்போட்டான். பாவம் பார்த்து அவள் தட்டியதும் ஒரு தப்படி நகர்ந்தான். இன்னொரு தரம். இன்னொரு தரம். கேட்டின் கடைசிக் கம்பிக்கு வந்தபோது குழந்தை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

விளையாட்டு இல்லை, அவன் வேலை செய்கிற முறையே அதுதான். சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர். ஒருவன் தட்ட, மற்றவன் சத்தம் கேட்கிற இடத்தில் சாக்பீஸால் குறி போட்டுப் பதில் தட்டுவான். பதில் கிடைத்தால்தான் தட்டுகிறவன் நகர வேண்டும். இல்லாவிட்டால் குறிகள் குழம்பிவிடும்.

வீட்டுக்குள் ஊறிப்போன சுண்ணாம்பு வாசம். அதற்கடியில் இன்னொரு வாசம், ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துவிட்டது போல. முன்கூடத்தைப் பின்னறையிலிருந்து பிரித்துக்கொண்டு ஒரு நீளச் சுவர் ஓடியது. வீட்டிலேயே தடியான சுவர். அதன் ஒரு முனையில் மேலிருந்து ஒரு விரிசல் இறங்கியிருந்தது. மறுமுனை வாசல் நிலையில் போய் முடிந்தது.

சுத்தியல் விரிசலில் நகத்தை விட்டுப் பார்த்தான். முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"பூச்சுல மட்டுமா, சுவத்துக்குள்ளயே ஓடுதான்னு தெரியணும். உள்ள பொள்ளலா, காலியா இருந்தா சத்தம் காட்டிக் குடுத்துடும். நான் பின்னறைக்குப் போறேன். நீ குறி போடு."

சாக்பீஸை நண்பன் கையில் திணித்துவிட்டு நடையில் திரும்பி மறைந்தான். சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் தேய்ந்து நின்றது.

அவன் சுவரில் காதை வைத்தான். கன்னத்தில் குளிர்ந்தது.

தட்டு.

நெஞ்சுயரத்தில், விரிசலுக்குப் பக்கத்தில், தெளிவாகக் கேட்டது. குறி போட்டான். விரல் முட்டியால் பதில் தட்டினான். அவசரமாக இரண்டு, நிதானமாக ஒன்று.

யோசிக்காமல் கை செய்த காரியம் அது. மருத்துவமனையின் கடைசி நாட்களில் தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் மனைவியால் பேச முடியவில்லை. கட்டில் கம்பியில் மோதிரத்தால் அப்படித் தட்டுவாள். இருக்கிறாயா என்று அர்த்தம். அவனும் அப்படியே தட்டுவான். இருக்கிறேன். வேறு யாருக்கும் அது தெரியாது. அக்காவுக்குக்கூட.

சுவரில் அடுத்த தட்டு சற்றுத் தள்ளி வந்தது. குறி. பதில். அடுத்தது. ஒரு தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. வேலை நல்லது, நினைக்க விடாது.

கூடத்தின் நடுவில் தட்டு மாறியது.

அவசரமாக இரண்டு. நிதானமாக ஒன்று.

சாக்பீஸ் கையிலேயே நின்றது. சுத்தியல் கிண்டல் செய்கிறான் என்று முதலில் கோபம் வந்தது. அவனுக்கு என்ன தெரியும், கேட்டதைத் திருப்பித் தட்டுகிறான் என்று கோபம் அடங்கியது. பதில் தட்டாமல் நின்றான்.

சுவரும் சும்மா இருந்தது.

பிறகு அதே இடத்தில், அதே போல. மறுபடியும். மறுபடியும். அலுப்பில்லாத தட்டு. ஈரத்துணி வாசம் இப்போது முகத்துக்கு நேராக வந்தது.

அவனால் தாங்க முடியவில்லை. பதில் தட்டினான்.

நகர்ந்தது.

அதன்பின் தட்டுகள் இறங்கத் தொடங்கின. இடுப்புயரம். அதற்கும் கீழே. ஓதம் தரையிலிருந்து ஏறுகிறதா என்று பார்க்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, குனிந்து, பிறகு முட்டிபோட்டு, குறி போட்டபடி நிலைவரை வந்தான். கடைசித் தட்டு நிலைக்கட்டையை ஒட்டிக் கேட்டது. பதில் தட்டிவிட்டு எழுந்தான். திறந்த வாசலுக்கு வெளியே முற்றத்தில் குழந்தை கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போதும்டா, சுவர் முடிஞ்சிடுச்சு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

பதில் உள்ளிருந்து வரவில்லை.

கேட்டுக்கு வெளியே, தெருவில், காரில் சாய்ந்து நின்று சுத்தியல் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

அவனைப் பார்த்ததும் பேச்சை முடித்துக்கொண்டு வந்தான். "சாரிடா, சைட்லேருந்து போன். உள்ள சிக்னல் இல்ல. பின்னறை பூட்டிருக்கு, கொத்துல அதுக்குச் சாவியே இல்ல. அதைச் சொல்லத்தான் திரும்பினேன், அதுக்குள்ள போன் அடிச்சுது, பின்வாசல் வழியா வெளிய வந்துட்டேன்."

"எப்ப வந்தே?"

"போன உடனேயே."

அவன் சுத்தியலின் கையைப் பிடித்தான். கூடத்துக்குள் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினான்.

குறிகள் விரிசலில் தொடங்கி நடுக்கூடம் வரை நேராக வந்தன. அங்கிருந்து சரிந்து இறங்கின. கடைசிக் குறி இருந்த உயரத்தில் அவன் கண் நின்றது.

மகள் நின்றால் அவள் கை இருக்கும் உயரம்.

சுத்தியல் வெளியே சுற்றிக்கொண்டு போய்ப் பின்னறை ஜன்னல் கம்பி வழியாக டார்ச் அடித்தான். தரை முழுக்கப் புழுதி. ஒரு கோழி இறகு விழுந்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். காலடி எதுவும் இல்லை. திரும்பி வந்து தன் சுத்தியலால் சுவரை ஓங்கித் தட்டினான். பிறகு காதை வைத்தான்.

"உள்ள பொள்ளல் இல்லடா," என்றான் கிசுகிசுப்பாக. "முழுக் கல்லு. ஒரு கை நீளத்துக்கு இருக்கும். இந்தச் சுவத்துல அந்தப் பக்கம் தட்டினா இந்தப் பக்கம் கேக்காது. கேக்கவே கேக்காது."

"கேட்டுச்சு."

"நீ பதில் தட்டினியா?"

அவன் நிலையைப் பார்த்தான். வாசல் விரியத் திறந்திருந்தது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு திரும்பினார்கள். சுத்தியல் ஓட்டினான். அவன் பக்கத்தில். பின்சீட்டில் அக்காவும் குழந்தையும்.

"மாமா, ஏன் தட்டிட்டே இருக்கீங்க?" என்றாள் குழந்தை.

சுத்தியலின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"யாரும் தட்டலையேடி கண்ணு. வண்டி குலுங்குது," என்றாள் அக்கா.

"இல்ல அத்தை, கதவுல."

அவன் திரும்புவதற்குள் குழந்தையின் சின்ன விரல் முட்டி பதிலுக்குக் கார் கதவில் பட்டுவிட்டது.

மறுநாள் ப்ரோக்கரோடு போய்ப் பின்னறையைத் திறந்து, சுவரைத் துளைத்துப் பார்த்ததாகச் சுத்தியல் போன் செய்தான். துளை முடிகிறவரை கல்தூள்தான் வந்ததாம். விரிசல் பூச்சோடு சரி.

"நல்ல வீடுடா. ஒரு குறை சொல்ல முடியாது," என்றான். பிறகு, "வாங்காதே."

"இப்ப எப்படி இருக்கு, அந்தச் சுவர்?"

"வெறும் சுவர். அந்த நாத்தம்கூட இல்ல." "உன் வீட்ல எல்லாம் சரியா இருக்கில்ல?"

"இருக்கு," என்றான் அவன்.

ஏனென்றால் அந்தச் சமயத்தில் இருந்தது. அன்று மாலைதான் ஃப்ளாட்டின் வாசல் கதவை ஒட்டிய சுவரில் கேட்டது. அவசரமாக இரண்டு, நிதானமாக ஒன்று.

கதவைத் திறந்து பார்த்தான். படிக்கட்டில் யாருமில்லை. ஈரத்துணி வாசம் இருந்தது.

மனைவியாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தான். அடுத்த கணமே தெரிந்துவிட்டது. அவள் தட்டினால் மோதிரச் சத்தம் கேட்கும். இது முட்டி. இது அவன் தட்டிய விதம். கூடத்துச் சுவரில் அவனே சொல்லிக்கொடுத்த பாடம்.

அவன் பதில் தட்டவில்லை. குழந்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தட்டுகிற விளையாட்டு முடிந்துவிட்டது, இனி யார் தட்டினாலும் பதில் தட்டக் கூடாது என்றான். குழந்தை தலையாட்டினாள்.

தட்டு நகரவில்லை. வாசலிலேயே நின்றது. காலையில் பல் தேய்க்கும்போது, சமைக்கும்போது, ஆபீஸ் போனில் பேசும்போது தட்டும். அவன் காதில் விழாதவன் போல இருந்தான். ஒரு வாரம் அப்படிப் போனதில் கொஞ்சம் தைரியம்கூட வந்தது. நிற்கட்டும். சோறு தண்ணி இல்லாமல் நிற்கட்டும்.

ஒரு மாலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தட்டு வாசலில் கேட்கவில்லை என்பது உறைத்தது.

கூடத்தில் காது வைத்தான். இல்லை. நடையில் இல்லை.

குழந்தையின் அறையில் கேட்டது.

கட்டிலில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூக்கம் சொக்கும் கண்ணோடு அவனைப் பார்த்தாள்.

"நான்தாம்ப்பா. தினம் ஒரே ஒரு தடவைதான் தட்டினேன்," என்றாள். "பாவம்ப்பா, அங்கயே நிக்குது."

அவன் கட்டிலில் ஏறி, சுவருக்கும் குழந்தைக்கும் நடுவில் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். அவளை மடியில் போட்டு, இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் இறுக மூடிக்கொண்டான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும். போன் கூடத்தில் இருந்தது.

அவன் தலைக்குப் பின்னால் தட்டியது.

அவன் அசையவில்லை. குழந்தையின் கைகளும் அசையவில்லை. மூச்சு சீராகி அவள் தூங்கிப் போனாள்.

மறுபடி தட்டியது.

இந்தக் கைகளை விடப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டான். விடியட்டும். பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாம். பதில் இல்லாவிட்டால் நகராது. அவ்வளவுதான் விதி.

மறுபடி.

தூக்கத்தில் குழந்தை காலை நீட்டினாள். சின்னக் குதிகால் சுவரில் போய் முட்டியது. அவசரமாக இரண்டு. நிதானமாக ஒன்று.

அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பிடிக்க மூன்றாவது கை இல்லை.

அறை வெகுநேரம் அமைதியாக இருந்தது.

பிறகு அவன் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, குளிர்ந்த முட்டி ஒன்று மெதுவாகத் தட்டியது. இரண்டு. ஒன்று.

தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தது.