ஆளில்லாத படம்

எல்லோரும் மறைந்துவிட்டார்கள், ஒரே ஒரு ஆளைத் தவிர.

மதி மடிக்கணினியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். எண்ணூர் கழிமுகத்தைப் பார்த்து முக்காலியில் தன் சின்ன காமிராவை நிறுத்தி, அரை நிமிடத்துக்கு ஒன்றாக இருபத்துநாலு படம் எடுத்திருந்தாள். அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், பெரும்பாலான படங்களில் ஒரே இடத்தில் இருப்பதை மட்டும் மென்பொருள் வைத்துக்கொள்ளும், நகர்ந்ததையெல்லாம் கழித்துவிடும். படகு போய்விட்டது, கொக்கு போய்விட்டது, வரிசையாகக் குனிந்து இறால் தடவிய பெண்களும் போய்விட்டார்கள். தண்ணீர் ஆடை படிந்த பால்போலக் கிடந்தது. அதற்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் மாலை வெயிலில் பொன்னிறமாக நின்றன. இடது ஓரத்தில் மட்டும், அலையாத்திச் செடிகளை ஒட்டி, குனிந்த முதுகு ஒன்று. கத்தியால் வெட்டி ஒட்டியதுபோல அவ்வளவு துல்லியம்.

ஏழு மணிக்குள் படத்தை அனுப்ப வேண்டும். தண்டையார்பேட்டையில் காலண்டர் அச்சடிக்கும் ஜெனிஷ், வானமும் தண்ணீரும் போதும், லுங்கியும் கூடையும் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். அந்தக் கூடைதான் தன்னைக் காலேஜுக்கு அனுப்பியது என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். "சரி சார்" என்றுதான் வாயில் வந்தது. அந்தக் கோபத்தைக் கரையில் அம்மாவிடம் காட்டினாள்.

"என்னியும் ஒண்ணு எட்த்துடேன்," என்று கேட்டாள் அம்மா.

"குறுக்க நிக்காதம்மா. படம் கலீஜாயிடும்."

அம்மாவின் சிரிப்பு அணைந்தது. பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். இரண்டு கையும் சேற்றைத் தடவ வேண்டும் என்பதால் இங்கே பறி எப்போதும் வாயில்தான் தொங்கும்.

அம்மாவின் கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. மதி நெட்டுக்குப்பத்து வீட்டுக்கு வந்தபோது அம்மா அவளுக்கு முன்பே வந்து, வாசலை ஒட்டி அடுப்படி மூலையில் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். டீ வேண்டுமா என்று கேட்டதற்குத் திரும்பவில்லை. படத்தின் நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று மதி விளக்கை அணைத்துவிட்டு, உள்சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். அறைக்குள் திரையின் வெளிச்சம் மட்டும். சாம்பலும் சேறும் கலந்த கழிமுக வாடை, தினமும் அம்மாவோடு வீட்டுக்குள் வரும் அதே வாடை, இன்று ஏனோ குறையாமல் ஏறிக்கொண்டே இருந்தது. எங்கிருந்தோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அந்த முதுகைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. காலேஜுக்கு அவள் போட்டுப் போன சட்டை. பொத்தான் போனபிறகு அம்மா தண்ணீரில் இறங்கும்போது போட்டுக்கொள்கிற சட்டை.

இறால் தடவுகிறவள் ஒரே இடத்தில் நிற்க மாட்டாள். மதி படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்றில் அம்மா நகர்ந்துகொண்டிருந்தாள். நான்காவதில் இடுப்புவரை சேற்றில் புதைந்து, ஒரு கையை உயர்த்தி, நேராகக் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை மதி அப்போதே பார்த்தாள். வேண்டுமென்றே படத்துக்குள் வந்து நின்று கையாட்டுகிறாள், அடம் என்று நினைத்தாள்.

ஐந்தாவதில் இரண்டு கையும். பல்லில் பறி. அதை விட்டால்தான் கத்த முடியும். விட்டால் அன்றைய இறால் பாடு முழுக்கத் தண்ணீரோடு போய்விடும். அம்மா விடவில்லை.

ஆறாவதில் தோள்.

ஏழாவதில் தலை தண்ணீருக்குள். முதுகு மட்டும்.

எட்டு, ஒன்பது, பத்து. இருபத்துநாலு வரை அதே முதுகு. ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் மதி காமிராவுக்குப் பின்னால்தான் நின்றாள். வானம் சிவப்பதைப் பார்த்துக்கொண்டு.

சொட்டுச் சத்தம் நின்றிருந்தது.

மூலையைப் பார்க்காமல், அம்மாவோடு இறால் தடவும் சீனியம்மாளுக்குப் போன் போட்டாள். அம்மா உங்களோடுதானே கரை ஏறியது என்று கிசுகிசுத்தாள்.

"இன்னாடி கேக்குற? நாங்க அப்பவே ஏறிட்டோம். பொண்ணு படம் புட்ச்சிகினு கீது, அத்தோட சேந்தே வந்துடறேன்னு அது மட்டும் நின்னுகினு இருந்துச்சே. நீ இட்டுகினு வரல?"

மதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தண்ணி வேற ஏறிகினு கீதுடி. ஓடு. நான் ஆளுங்கள அனுப்பறேன்."

ஓட வேண்டும். தண்ணீர் ஏறினால் அந்த முதுகும் மறைந்துவிடும். கழிமுகம் இழுத்துக்கொண்டால் அம்மாவின் உடம்புகூடக் கிடைக்காது. ஓட வேண்டும். வாசல் அடுப்படியை ஒட்டி இருந்தது. விளக்கின் சுவிட்சும் அங்கேதான்.

மூலையில் குந்தியிருந்தது திரும்பியது.

எழவில்லை. நிமிரவில்லை. குனிந்த தலையோடு இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பரப்பி, ஒன்று விட்டு ஒன்றாக நகர்த்தி, தடவிக்கொண்டே வந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. தரையில் சாம்பல் நிறச் சேறு அகலக் கோடாக விழுந்தது. தொங்கிய முடிக்கு நடுவில் பறி ஆடியது. அதற்குள் ஏதோ துள்ளியது.

சின்ன வயதில் அம்மா தண்ணீருக்குள் அவள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது: "ஓட்ற இறாலு பொழச்சிக்கும். பயந்துபோயி அப்டியே குந்திகினு கீது பாரு, அதான் கைக்கு வரும்."

மதி எழ நினைத்தாள். கால் கேட்கவில்லை.

"அம்மா," என்றாள். "நாந்தாம்மா."

கைகள் நின்றன. குரல் வந்த பக்கம் திரும்பின. அவசரமே இல்லை. பாய் ஓரம். மடிக்கணினியின் வயர். அவள் பாவாடை நுனி.

கழிமுகத்துத் தண்ணீரைப்போல வெதுவெதுப்பான விரல்கள் அவள் கணுக்காலைச் சுற்றி, நோகாமல், பழகிய பிடியாக மூடின. பிடித்ததைப் பறிக்குள் போடுவதற்காக அந்தத் தலை மெல்ல மெல்ல நிமிர்ந்தது.