நூறு சதவீதக் குழாயும் ஒரு பிணமும்

வியாழக்கிழமை. காலை எட்டு மணி.

ஸ்டேஷன் போன் அலறியது. எஸ்.ஐ. தன்யா எடுத்தாள்.

"மேடம்... நான் செலஸ்டின். கடற்கரை வார்டாக்கும். பக்கத்து வீட்டு அகஸ்டினா அடுக்களையில விழுந்து கெடக்காவ. அனக்கம் இல்ல."

இருபது நிமிடத்தில் தன்யா அங்கே இருந்தாள்.

அகஸ்டினாவுக்கு அறுபத்தெட்டு வயது. விதவை. தனியாக இருந்தவள். பின்மண்டை அம்மிக்கல்லில் மோதி உடைந்திருந்தது. பக்கத்தில் நான்கு காலிக் குடங்கள். தினமும் அரைக் கிலோமீட்டர் நடந்து தண்ணீர் சுமந்தவள் அவள்.

வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்துவிட்டோம் என்று மார்தட்டும் பஞ்சாயத்து அது. பெயர் வேண்டாம். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் அதற்கும் ஒரு விருது கேட்பார்கள்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"நேத்து சாயங்காலம் மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. ரெண்டு தோள்லயும் விரல் பதிஞ்சிருக்கு. யாரோ பிடிச்சுத் தள்ளியிருக்காங்க."

தன்யா செலஸ்டின் பக்கம் திரும்பினாள்.

"நேத்து யாரு வந்தா?"

"உச்சைக்கு ஜெஃப்ரின் வந்து சத்தம் போட்டான் மேடம். அவியளுக்க தங்கச்சி மவன்."

"எதுக்கு சத்தம்?"

"ஒத்தைக்குக் கெடக்கண்டாம், எங்கூட வான்னு. அவிய கேக்கல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கொரு சோலி உண்டுன்னாவ."

பத்து மணிக்கு ஜெஃப்ரின் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தான்.

"ரெண்டு மணிக்கே எறங்கிட்டேன் மேடம். கரையில வள்ளத்துல இருந்து கிழிஞ்ச வலையப் பொத்தினேன்."

"கண்டவன் யாருலே?"

"யாருமில்ல."

சாட்சி இல்லை. சண்டை போட்டதற்கோ ஊரே சாட்சி. நாளைக் காலை கோர்ட், அப்புறம் சிறை... ஜெஃப்ரினின் கதை அத்தோடு முடிந்தது!

ஆனாலும் அந்தக் காலிக் குடங்களும் வெள்ளிக்கிழமைச் சோலியும் உறுத்தின. தன்யா ஒரு நடை பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள்.

செக்ரட்டறி சோமனின் அறைச் சுவர் முழுக்கக் கேடயங்கள். முதல் பரிசு மட்டும் இல்லை. அதற்காக ஒரு ஆணி அடித்து இடம் விட்டிருந்தார் மனிதர்.

"அகஸ்டினா செத்துட்டாங்க. தெரியுமா?"

"நீங்க சொல்லித்தான் அறியுதேன் மேடம். பாவம். நான் அவங்களக் கண்டே மூணு மாசம் ஆச்சு."

"தண்ணி வரலன்னு ஏகப்பட்ட புகார் குடுத்திருக்காங்களே?"

"வெப்சைட்ட பாருங்க. நூறு சதவீதம் வீட்டுக்கும் குழாய் உண்டு. தெருவிளக்கு, குளம், ஒத்தைக்கு வாழுற வயசாளிங்க லிஸ்ட்டு... எல்லாம் ஓப்பன் டேட்டா. யாரும் டவுன்லோடு பண்ணி இறக்கிப் பாக்கலாம். நாளைக்கு அவார்டு கமிட்டி வருது. ஒண்ணாம் இடம் இந்தத் தடவை நமக்காக்கும்."

"இதையெல்லாம் ஏத்துறது யாரு?"

"நான் மட்டும். பாஸ்வேர்ட யாருக்கும் குடுக்கமாட்டேன்."

நூறு சதவீதம்! முற்றத்தில் ஒரு குழாயை நட்டால் கணக்கில் ஏறிவிடும். அதில் தண்ணீர் வரவேண்டும் என்று படிவத்தின் எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லையே. தன்யா உதட்டைச் சுழித்துக்கொண்டு கிளம்பினாள்.

மாலை நான்கு மணி. ஸ்டேஷன் வாசலில் ஒருத்தி. கையில் காகிதக் கட்டு.

"நான் ரினி மேடம். ஜெஃப்ரினுக்க வீட்டுக்காரி. உதியன்குளங்கரை அக்ஷயா இ-சேவை சென்டர்ல வேலை. அழுது காட்ட வரல்ல, இதப் பாருங்க."

"என்னது மக்கா?"

"பஞ்சாயத்துக்க வயசாளி லிஸ்ட்டு. குழாய் உண்டுன்னு அகஸ்டினா மாமிக்க பேருல கள்ளம் எழுதியிருப்பாவ, அத எடுத்து உங்ககிட்ட காட்டலாம்னு தேடினேன். வெப்சைட்டுல மாமிக்க பேரே இல்ல. ஃபைல இறக்கினேன். அதுல நீக்கின பேரும் உண்டு, காரணமும் உண்டு, நேரமும் உண்டு."

ரினியின் விரல் ஒரு வரியில் நின்றது.

அகஸ்டினா. நீக்கம். காரணம்: மரணம். புதன்கிழமை, மாலை 5.10.

தன்யா இரண்டாம் முறை படித்தாள்.

பிணத்தைப் பார்த்ததே வியாழன் காலையில்தான்!

"கீழ நேசையன்னு ஒருத்தர் உண்டு பாருங்க மேடம். செத்து நாலு வருஷம் ஆச்சு. பேர எடுக்கச் சொல்லி மவ நடையா நடக்கா. லிஸ்ட்டுல அவரு இப்பவும் ஒத்தைக்கு வாழுகாரு. எங்க மாமிக்கு மட்டும் எப்படி அன்னைக்கே எடுத்தாவ?"

"இந்த ஃபைல இதுவரை எத்தன பேரு இறக்கியிருக்காங்க?"

"ஒருத்தர்னு காட்டுது. அது நானாக்கும்."

தன்யா எழுந்தாள். லாக்கப் பக்கம் கை காட்டினாள்.

"ஜெஃப்ரின வெளிய விடுங்க. இந்தப் புள்ளகூட வீட்டுக்குப் போட்டும்."

சோமன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஃப்ளெக்ஸ் போர்டு கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். தன்யா நீட்டிய காகிதம் அவர் மூக்குக்கு நேராக வந்தது.

படித்தார்.

"இது... இது வெளிய தெரியாதே மேடம்..."

"இறக்கினா தெரியும். நீங்க போட்ட டேட்டாவ நீங்களே ஒரு நாளும் திறந்து பாத்ததில்ல, இல்லியா?"

சோமன் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காலிக் குடத்தோட கமிட்டி முன்னால வந்து நிப்பேன்னு சொன்னாங்க. வேண்டாம்னு சொல்லத்தான் போனேன். கெஞ்சினேன். கேக்கல்ல. பிடிச்சு உலுக்கினேன்... விழுந்துட்டாங்க."

"விழுந்தவங்கள ஆஸ்பத்திரிக்கு எடுக்காம லிஸ்ட்டத் திருத்த ஓடி வந்தீங்களா?"

"கமிட்டி அந்த லிஸ்ட்டுல உள்ளவங்களுக்கு போன் பண்ணிக் கேக்கும் மேடம். எடுக்காட்டா மார்க் போயிரும்."

"சரி, ஊரு மாறிப் போனாங்கன்னு எழுதியிருக்கலாமே? எதுக்கு மரணம்?"

"பொய்யா எழுதினா டேட்டா தப்பாயிரும் இல்லியா..."

தன்யா கைவிலங்கை எடுத்தாள். பத்து வருட சர்வீசில் திருடனைப் பார்த்திருக்கிறாள், கொலைகாரனைப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு கேவலத்தை இன்றுதான் பார்க்கிறாள். தண்ணீர் வராத குழாய்க்கு நூறு போட்டவனுக்கு, பிணத்தின் விஷயத்தில் மட்டும் உண்மை வேண்டுமாம்!

கைவிலங்கு பூட்டப்பட்டது. ஜீப்பில் ஏறும்போதும் சோமனின் வாய் சும்மா இருக்கவில்லை.

"மேடம்... நாளைக்கு கமிட்டி வரும்போது... மற்ற டேட்டா எல்லாம் சரின்னு ஒரு வார்த்த சொல்லணும். ஒண்ணாம் இடம் போயிரக் கூடாது."

தன்யா ஜீப் கதவைச் சாத்தினாள்.

"பயப்படண்டாம் செக்ரட்டறி. அரெஸ்ட் ஆனவங்க லிஸ்ட்டு தெனமும் எங்க வெப்சைட்டுல போடுவோம்... நாளைக்கு அதுல ஒண்ணாம் இடம் உங்களுக்கேதான்."