சல்மாவின் கைநாட்டு

மீரான் பாய் செத்துவிட்டார்!

ஒரே அடிதான். முனகல்கூட இல்லை. மேஜைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

காஜா மொய்தீன் தன் கையிலிருந்த பித்தளை பேப்பர் வெயிட்டைப் பார்த்தான். அதில் நாலைந்து முடி ஒட்டியிருந்தது. நரைத்த முடி.

"ச்சே… அசிங்கம்!"

மேஜைத் துணியிலேயே அதைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தான்.

செத்தவருக்கு வயது அறுபத்தெட்டு. இடது கால் விளங்காது. எழுந்து ஓட முடியாத மனிதரை அடிக்க வீரம் வேண்டியதில்லை. நேரம் பார்த்து வந்தால் போதும். மொய்தீன் பார்த்துத்தான் வந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டரை.

ஜார்ஜ் டவுனில் சூலியா ஸ்ட்ரீட் பக்கத்து ஆண்கள் அத்தனை பேரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். நடக்க முடியாத மீரான் பாய் மட்டும் வீட்டில். வீட்டுக்குச் சொந்தக்காரி ஹாஜரா ஜெலுத்தோங்கில் பெண்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கப் போயிருந்தாள்.

வீடு, காஜி இப்ராஹிமின் வீடு. முப்பது வருஷம் பினாங்கு முஸ்லிம்களுக்கு அவர்தான் ஜட்ஜ். கல்யாணம், தலாக், சொத்துத் தகராறு எல்லாம் அவர் முன்னால்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார். மூன்று அலமாரி நிறையக் காகிதம் விட்டுப் போனார். ஒரு மகளையும் விட்டுப் போனார்.

அலமாரியால் யாருக்கும் தொல்லை இல்லை. மகளால்தான்!

முழுப் பெயர் சித்தி ஹாஜரா. இருபத்தொன்பது வயது. மாதர் சங்கம், மனு, கூட்டம், கவர்னருக்குக் கடிதம்… சும்மா இருக்கத் தெரியாத பெண். போன வாரம் பத்திரிகையில் ஓர் அறிவிப்புக் கொடுத்திருந்தாள். தகப்பனாரிடம் வந்து பெண்கள் சொன்ன வாக்குமூலங்களை எல்லாம் தமிழில் பிரதி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் வாசிக்கப் போகிறாளாம்.

பெயரோடு!

அதைப் படித்ததும் பீச் ஸ்ட்ரீட் மிளகு மண்டி முதலாளி காஜா மொய்தீனுக்குக் காப்பி தொண்டைக்குள் இறங்கவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி சல்மா. அவனுடைய முதல் மனைவி.

ஆறு வருஷத்துக்கு முன்னால், 1928-ல், வீங்கிய கையோடு தனியாக ரிக்ஷா ஏறிக் காஜியாரைப் பார்த்துவிட்டு வந்தவள். அங்கே என்ன சொன்னாள்? கேட்டான். அடித்துக் கேட்டான். முறிந்த கையைத் திருகிக் கேட்டான்.

"ஒண்ணும் சொல்லலீங்க… சத்தியமா ஒண்ணும் சொல்லலீங்க!"

நாலாம் நாள் அவள் கிணற்றில் மிதந்தாள். சர்க்கார் டாக்டர் 'கால் வழுக்கி' என்று எழுதினார். வழுக்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் மொய்தீன்தான். அடுத்த மாதம் அவனுக்குச் சர்க்கார் கொடுக்கும் ஜே.பி. பட்டம் வருவதாக ஊரெல்லாம் பேச்சு. காஜியாரின் தாள் வெளியே வந்தால் பட்டத்துக்குப் பதில் கயிறு வரும்.

அதனால்தான் இந்த வெள்ளிக்கிழமை!

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்கூட மீரான் பாய் சிரித்த முகத்தோடுதான் பேசினார். காஜியாரிடம் ஆயுசு முழுக்க எழுத்தராக இருந்தவர்.

"சல்மா புள்ள கொடுத்த வாக்குமூலமா? இருக்கே தம்பி. இந்தா, மேலயே இருக்கு."

"அதைக் கொடுங்க பாய். நான் பத்திரமா வச்சுக்கிறேன்."

"ஹாஜராம்மாவைக் கேக்காம கொடுக்க முடியாதே. வேணும்னா படிச்சுக் காட்டறேன், கேட்டுட்டுப் போங்க."

"படிக்க வேணாம்!"

"அட, அவசரப்படாதீங்க தம்பி. முழுசாக் கேட்டாத்தானே விஷயம் என்னான்னு…"

கண்ணாடியைச் சரிசெய்து, தாளை வெளிச்சத்தில் பிடித்து, மீரான் பாய் வாயைத் திறந்தார்.

பித்தளை இறங்கியது.

இப்போது தாள் மொய்தீன் கையில். பாக்கெட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். ஒரு குச்சி. ஒரு நிமிஷம். சாம்பல். கதை முடிந்தது!

குச்சியைக் கிழித்தான். தாளைப் பார்த்தான்.

கை நின்றது.

வலமிருந்து இடமாக நெருக்கி நெருக்கி எழுதிய அரபு எழுத்துகள். கீழே ஒரு கைநாட்டு. காஜியார் எல்லாவற்றையும் அரபுத்தமிழில்தான் எழுதுவார். பேச்சு தமிழ், எழுத்து அரபு. மொய்தீனுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. அவன் படித்தது இங்கிலீஷ் பள்ளிக்கூடம். ஓத அனுப்பியபோதெல்லாம் படகுத்துறையில் தூண்டில் போடப் போனவன். ஓதும் எழுத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் உம்மா சொன்ன ஒன்றுதான்.

'காலில பட்டாக் கண்ணுல ஒத்திக்கடா! நெருப்புல போட்டா கை அழுகிப் போயிரும்!'

இது வெறும் பொம்பளைப் புகார். தெரியும். புத்திக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை. ஒரு கிழவரின் மண்டையைப் பிளந்த கை, ஒரு தாளைக் கொளுத்த மறுத்தது!

என்ன ஒரு பயபக்தி!

குச்சி விரலைச் சுட்டது. ஊதி அணைத்தான். பழைய ஓதும் தாள்களைப் பெரியவர்கள் கடலில் விடுவார்கள். அதுதான் சரி. தோணி பிடித்தால் நடுக்கடல் அரை மணி தூரம். அதுவரை? சட்டைப் பையில் வைக்க மனம் வரவில்லை. நாலாக மடித்தான். துருக்கித் தொப்பியைக் கழற்றி, உள்பட்டைக்குள் செருகி, தலையில் வைத்துக்கொண்டான்.

நேராகப் பள்ளிவாசலுக்குப் போய், தொட்டித் தண்ணீரில் கை கழுவினான். தண்ணீர் லேசாகச் சிவந்து, பிறகு தெளிந்தது. கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டான். தொழுகை முடிந்ததும் தெரிந்தவர்கள் ஆறேழு பேரிடம் வலியப் போய்க் கைகொடுத்தான்.

"இன்னிக்கு இமாம் பயான் பேசினது ரொம்ப நல்லா இருந்துச்சுல்ல?"

"ஆமா மொதலாளி! நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"பின்னாடிதான்… கூட்டமாச்சே!"

சாட்சி தயார்.

மூன்று மணி. படகுத்துறையில் ஒரு சம்பான் படகைப் பேசி முடித்து, ஒரு காலை உள்ளே வைத்தான். பின்னாலிருந்து கத்தல்.

"மொதலாளி! மொதலாளீ!"

மண்டி ஆள் ஒருவன். மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"காஜியார் வூட்டுல… மீரான் பாயை யாரோ அடிச்சுக் கொன்னுட்டாங்க! மாத்தா போலீஸ் வந்து நிக்கிது. போலீஸ்காரங்க வூட்டை அடைச்சுட்டாங்க. ஊர்ப் பெரியவங்க வரணுமாம். ஹாஜராக்கா ஒங்களைத்தான் மொதல்ல கூப்பிட்டாங்க!"

போகாவிட்டால் சந்தேகம் வரும். காலை எடுத்தான்.

காஜியாரின் கூடத்தில் மீரான் பாயின்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஹாஜரா. அழுது முடித்த கண்கள். எதிரே இன்ஸ்பெக்டர் முகம்மது சுல்தான். பினாங்கில் பிறந்து வளர்ந்த ஆள், பேச்சில் 'லா' ஒட்டும், வாயில் சிரிப்பு மாறாது. வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"இன்னாலில்லாஹி… யாரு பாவி இப்படிச் செஞ்சது?" மொய்தீன் தலையில் அடித்துக்கொள்ளப் போனான். தொப்பி ஞாபகம் வந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன் மொதலாளி," என்றார் சுல்தான். "காசு போகலை. கடியாரம் போகலை. ஒரே ஒரு காகிதம் போயிருக்குலா."

"காகிதமா?"

"சல்மாக்கா வாக்குமூலம் அண்ணே," என்றாள் ஹாஜரா.

சுல்தான் மொய்தீன் பக்கம் திரும்பினார்.

"ஒங்க சம்சாரம்தானே மொதலாளி?"

"ஆமா… பாவம், மவுத்தாகி ஆறு வருஷம் ஆச்சு. அவ தாள்ல எவனுக்கு என்ன வேலை?"

"அதான் எனக்கும் விளங்கலை. இதுக்காக ஒரு கொலைன்னா, அந்தக் கிணத்துக் கேஸை நான் மறுபடி தோண்டணும். வேற வழி இல்லை."

மொய்தீன் தொப்பியை அழுத்திவிட்டுக்கொண்டான்.

ஹாஜரா அவனை நிமிர்ந்து பார்த்தாள். குரல் தழைந்தது.

"அநியாயம் அண்ணே! இதுல நஷ்டம் ஒங்களுக்குத்தான்."

"எ… எனக்கா?"

"அந்தத் தாள் ஒங்களுக்குச் சாதகமான சாட்சி. ஒங்க மேல குத்தம் இல்லேன்னு சல்மாக்கா வாப்பா முன்னாடி சொல்லிக் கைநாட்டு வச்சது. அது மட்டும் இன்ஸ்பெக்டர் கையில இருந்தா இப்பவே கேஸை மூடிருவாரு."

"மூடிருவேன்லா! எனக்கு மட்டும் கெணறு தோண்ட ஆசையா?"

மொய்தீன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பொறியா? மாதர் சங்கத்துக்காரி ஆச்சே!

"தங்கச்சி… நீ சொல்றது நெசமா?"

"அல்லாமேல ஆணையா அண்ணே. ஒங்களைக் குத்தம் சொல்ற வார்த்தை அந்தத் தாள்ல ஒண்ணுகூட இல்லை."

காஜியார் மகள்! ஊரே பொய்ச் சத்தியம் செய்தாலும் இவள் செய்ய மாட்டாள். ஊருக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

அப்படியென்றால் தலையில் இருப்பது தூக்குக் கயிறு இல்லை. கேடயம்! அரை மணிக்கு முன்னால் அதைக் கடலில் விட இருந்தான்! மொய்தீனுக்குச் சிரிப்புப் பொங்கியது. அடக்கிக்கொண்டான்.

"அட… பதட்டத்துல மறந்தே போச்சு பாருங்க!" தொப்பியைக் கழற்றினான். "தாள் எங்கயும் போகலை இன்ஸ்பெக்டர். நேத்து சாயந்தரம் இந்தப் பக்கமா வந்தேன். மீரான் பாயே கூப்பிட்டு, 'ஒங்க வூட்டுப் புள்ள கைநாட்டு, நீங்களே வச்சுக்கங்க'ன்னு கொடுத்தாரு. ஓதுற எழுத்தாச்சே… அதான் தலையிலயே வச்சிருக்கேன்."

ஹாஜரா இரண்டு கையாலும் வாங்கினாள். மடிப்பைப் பிரித்தாள். படித்தாள்.

"'நான் காஜா மொய்தீன் பெண்சாதி சல்மா. என் கை முறிந்தது படியில் விழுந்ததால். என் புருஷன் அடிக்கவில்லை. அவர் நல்லவர். என்னை நாலு நாள் உம்மா வீட்டுக்கு அனுப்பிவைக்கும்படி காஜியார் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேறு குறை இல்லை.'"

ஹாஜரா தாளைத் தாழ்த்தினாள்.

"அவ்வளவுதானா?" என்றான் மொய்தீன்.

"அவ்வளவுதான் அண்ணே."

ஒன்றும் சொல்லவில்லை என்று அவள் கதறியது உண்மை. அவளைக் கிணற்றில் தள்ளியது வெட்டி வேலை. மொய்தீனுக்கு இப்போதுதான் அது விளங்கியது. வருத்தப்பட்டானா? இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான்!

"கேட்டீங்களா இன்ஸ்பெக்டர்? அவ வாயாலயே நல்லவர்னு சொல்லியிருக்கா!"

"கேட்டேன் மொதலாளி."

"இன்னும் இருக்கு அண்ணே," என்றாள் ஹாஜரா. "பின்பக்கம்."

"பின்பக்கமா?"

அவள் தாளைத் திருப்பினாள். அங்கேயும் பென்சிலில் அதே எழுத்து, இரண்டு வரி.

"'இன்று வெள்ளிக்கிழமை, காலை மணி பத்து. மீரான் மாமா வாசிக்க, நான் பிரதி எடுத்தேன்.' கீழ என் பேரு. இன்னிக்கிக் காலையில என் கையால எழுதினது. நேத்து சாயந்தரமே ஒங்க தொப்பிக்குள்ள போன தாள், இன்னிக்கிப் பத்து மணிக்கு என் மேஜைக்கு எப்படி வந்துச்சு அண்ணே?"

மொய்தீன் வாசலைப் பார்த்தான்.

திரும்பிப் பாய்ந்தான். வாசலில் கான்ஸ்டபிள்கள் அவனை அப்படியே அள்ளிச் சுவரோடு அழுத்தினார்கள்.

"சத்தியம் பண்ணினியேடி!"

"பண்ணினேன். அதுல எது பொய்?" ஹாஜராவின் குரல் கத்தியாக இருந்தது. "படிக்கத் தெரிஞ்சவன் வந்திருந்தா, படிச்சுப் பாத்துட்டு அங்கயே போட்டுட்டுப் போயிருப்பான். மீரான் மாமாவும் உசுரோட இருந்திருப்பாரு. எடுத்தவன் படிக்கத் தெரியாதவன். தெரியாதவன், ஓதுற எழுத்துன்னு கொளுத்தவும் பயப்படுவான். எங்கயோ பத்திரமா வச்சிருப்பான்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னேன். சல்மாக்கா தாள்னா நீங்கதான் எடுத்திருப்பீங்கன்னும் சொன்னேன்."

துணி போர்த்திய உடம்பைப் பார்த்தாள்.

"சல்மாக்கா பயத்துல பொய் சொல்றான்னு வாப்பாவுக்குத் தெரியும். அந்தக் கையைப் பாத்தா யாருக்குத் தெரியாது? தெரிஞ்சே கைநாட்டு வாங்கிக்கிட்டு, 'பொறுத்துப் போ புள்ள'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நாலாம் நாள் சேதி வந்துச்சு. வாப்பா சாகுறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொல்லி அழுதாங்க. ஞாயித்துக்கிழமை அதையும் சேத்துத்தான் படிக்கப்போறேன். வாப்பா பேரு கெட்டாலும் கெடட்டும்!"

மொய்தீனின் கைகளில் விலங்கு மாட்டினார் இன்ஸ்பெக்டர் சுல்தான். மொய்தீன் திமிறினான். அலறினான்.

"இன்ஸ்பெக்டர்! நீங்களே கேட்டீங்கல்ல? என்மேல குத்தம் இல்லேன்னு அவளே கைநாட்டு வச்சிருக்கா! சல்மாவுக்காக என்னைத் தூக்குல போட முடியாது!"

"முடியாதுதான் மொதலாளி. சட்டம்னா சட்டம். சல்மாவுக்காக யாரும் ஒங்களைத் தூக்குல போட மாட்டாங்க," என்று சிரித்தார் சுல்தான். "மீரான் பாய்க்காகப் போடுவாங்க. கழுத்து ஒண்ணுதானே இருக்கு… எந்தக் கேஸா இருந்தா என்னலா!"