போடருக்குள் சுவர்

குசினிப் பக்கமிருந்து ஈரச் சீமெந்து மணந்தது. வீட்டில் மேசன் வேலை எதுவும் நடக்கவில்லை. ஒட்டுசுட்டானில் ஒரு கிழமையாக மழையும் இல்லை. கிருசாந்தி மூக்கைச் சுளித்துவிட்டு மறுபடி லப்டொப்பைப் பார்த்தாள். பகல் இரண்டு மணி. கணவன் அனோஜன் வேலைக்கு முல்லைத்தீவுக்குப் போயிருந்தான். மூன்று வயது மகள் ஆரணி அறைக்குள் நித்திரை. பிள்ளை எழும்புவதற்குள் கனகலிங்கத்தாரின் வீட்டுக்கான கட்டடப் படத்தை வரைந்து முடித்துவிட வேண்டும்.

அவர் கனடாவில் இருந்துகொண்டு இங்கே வீடு கட்டுகிறார். காலையில் போனில் பிடித்த பிடியில் நின்றார்.

“தங்கச்சி, கதவு யன்னல் எல்லாத்தையும் எண்ணிப் பாத்தனான். பதினொண்டு வருது. ஒற்றையில நிக்கக் கூடாது.”

“அப்ப ஒண்டைக் கூட்டுவமோ அண்ணை?”

“வேண்டாம், குசினி யன்னலை அடையுங்கோ. சுத்திவர இருக்கிற போடரை மட்டும் விடுங்கோ. பாக்கிற ஆக்களுக்கு யன்னல் மாதிரித் தெரியட்டும்.”

போடர், யன்னலையும் கதவையும் சுற்றிச் சீமெந்தால் இழுக்கிற சட்டம். நடுவில் வெறும் சுவரை வைத்துப் போடர் கட்டச் சொல்கிற ஆளை அவள் இப்போதுதான் கண்டாள். என்ன செய்வது, வீடு அவருடையது.

குசினி யன்னலை அழித்தாள். போடரை விட்டாள். சேமித்தாள். திரையின் கீழே கதவு யன்னல்களின் எண்ணிக்கை பத்து என்று வரவேண்டும். ஒன்பது என்று வந்தது.

எங்கேயோ கை பட்டிருக்கும் என்று நினைத்தாள். அழித்ததைத் திரும்ப எடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. வந்த எரிச்சலில் இன்னொரு யன்னலை அழித்தாள், எட்டாக வரட்டும் என்று. ஏழு.

கூடம் மங்கியது.

மழை இருட்டாக்கும் என்று இடப்பக்கம் திரும்பினாள். வயலைப் பார்த்த யன்னல் அங்கே இல்லை. சுற்றிவரப் போடர் இருந்தது, மட்டம் பிடித்து இழுத்த மாதிரி நேராக. நடுவில் சுவர். தொட்டாள். விரலில் சாந்து ஒட்டியது.

அப்போதுதான் திரையின் மேலே இருந்த பெயரைக் கண்டாள். ‘எங்கட வீடு’. எந்தப் புது வீட்டையும் அவள் தன் வீட்டின் படத்தைப் பிரதி எடுத்துத்தான் தொடங்குவாள். அரசாங்க வீட்டுத்திட்டத்தில் கிடைத்து, நாடா பிடித்து அவளே அளந்த வீடு, அளவு பிழைக்காது. இன்று அவசரத்தில் கனகலிங்கத்தாரின் பிரதியை விட்டு மூலத்தையே திறந்திருந்தாள். 

ஐந்து. அவள் கை வைக்கவில்லை.

முன்வாசலுக்கு ஓடினாள். போடர். சுவர். குசினி வாசல். சுவர். போனில் சிக்னல் இல்லை. லப்டொப்பின் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. மூன்று.

ஆரணியின் அறைக்கதவு. தடவினாள். கைப்பிடி இல்லை. ஈரம். குளிர்.

ஒன்று.

“அம்மா,” சுவருக்கு அந்தப் பக்கம் நித்திரைக் குரல். “இஞ்ச கதவு திறந்திருக்கு.”

“எங்கயம்மா?”

“கட்டிலுக்குப் பின்னால.”

கட்டிலுக்குப் பின்னால் ஒருநாளும் கதவு இருந்ததில்லை. அந்தச் சுவருக்கு வெளியே காடு.

“இறங்காதை ஆரணி. கட்டில்லயே இரு. அம்மா வாறன்.”

“என்னை வரட்டாம்.”

“ஆர்?”

 கட்டில் கிறீச்சிட்டது. சின்னக் கால்கள் நிலத்தில் பட்டன. கிருசாந்தி நகம் மடங்கும் வரை சாந்தைச் சுரண்டினாள். சுரண்டச் சுரண்டச் சாந்து வந்தது, கல் வரவில்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவளின் சத்தம் கூடத்துக்குள்ளேயே நின்றது.

ஓடி வந்து திரையைப் பார்த்தாள். வீட்டின் பின்பக்கம் தெரிந்தது. அவள் வரையாத ஒரு கதவு. அதைச் சுற்றிப் போடர் தானாக ஏறிக்கொண்டிருந்தது. இடம். மேல். வலம். அழிக்கும் விசையை அமத்தினாள். அமத்தினாள். அமத்தினாள்.

கதவு இருந்த இடம் சுவராயிற்று.

சைபர்.

படத்தில், அந்தச் சுவருக்கு வெளியே, படியில் ஆரணியின் இரண்டு சின்னச் சிவப்புச் செருப்புகள். முனை காட்டுப் பக்கம் பார்த்தபடி.