சிவப்புச் சக்கரம்

மூன்றாம் கூடத்துச் சுவருக்குப் பின்னாலிருந்து யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.

வெல்டர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தான். வெளியே காற்றே இல்லாத அந்தக் கிரகத்தில் பிள்ளைகள் பேச்சுக்கு முன்பே பழகும் வழக்கம் அது: உள்ளே இருப்பவர் இரண்டு முறை தட்டினால், ‘இங்கே காற்று இருக்கிறது, திற’ என்று பொருள். ஆனால் மூன்றாம் கூடத்தில் மாதக்கணக்காகக் காற்றில்லை. மறுபடி தட்டல், அதன் வாலாக, பல் கூசும்படி நகத்தால் ஒரு நீண்ட கீறல். அப்படிக் கீறுவது அவன் மனைவி மட்டும்தான். செத்துப்போன மனைவி.

அங்கே துப்பாக்கி கிடையாது. குண்டு சுவரைத் துளைத்தால் சுட்டவனுக்கும் சாவுதான். சண்டையென்றால் இரும்புக் கம்பி, ஆணியடிக்கும் மெஷின், வெல்டிங் நெருப்பு. வேலைநேரத்தைக் குறைக்கச் சொல்லி மூன்றாம் கூடத்தில் உட்கார்ந்தவர்களிடம், அவர்களில் ஒருத்தியான அவன் மனைவியிடம், அதுகூட இல்லை. மேற்பார்வையாளரிடம் ஒரு சிவப்புச் சக்கரம் இருந்தது. திருப்பினார். காற்று போனது. அதை யாரும் ஆயுதம் என்று சொல்லவில்லை. பராமரிப்பு என்றார்கள்.

கூடத்து வாசலில் மேற்பார்வையாளர் சிரித்தார். “ஆணியடிக்கிற மெஷினோட வந்திருக்கியே, படம் மாட்டணுமா?”

“காத்தைத் திறந்து விடுங்க சார்.”

“குழாய் சுருங்குற சத்தம்பா அது. போய்ப் படு.”

தட்டல். தட்டல். கீறல்.

சிரிப்பு அவர் உதட்டிலேயே காய்ந்தது.

“அன்னைக்கும் தட்டினா. நீங்க இங்கதானே நின்னீங்க? திறங்க.”

மெஷினின் முனை கழுத்தில் பட்டதும் வாசலிலிருந்த சிவப்புச் சக்கரத்தைத் திருப்பினார். குழாய் சீறியது. கருகிய இரும்பும் பழைய வியர்வையும் கலந்த நெடி. காற்றளவு காட்டும் முள் ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது.

மூச்சு.

மேற்பார்வையாளர் மூடப் பாய்ந்தார். வெல்டர் விசையை அழுத்தினான். ஆணி அவர் கையைச் சக்கரத்தோடு சேர்த்து அறைந்தது.

“மூடுடா! நம்ம காத்தையும் இழுக்குதுடா!”

“இழுக்கட்டும் சார்.”

காது அடைத்தது. நெஞ்சு இறுகியது. கதவுக்குப் பின்னால் இப்போது பல கைகளின் தட்டல். எல்லாம் இரண்டிரண்டாக.

“வந்துட்டேன்மா.” தாழ்ப்பாளில் கை வைத்தான்.

தட்டல் நின்றது.

கீறல். கதவின் நீலப் பெயின்ட் மேலிருந்து கீழாக, மெல்லச் சுருண்டு உரிந்தது.

இந்தப் பக்கம்.