தொண்டையைப் பிடிக்காத தேன்

சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் வெயில். இந்தப் பக்கம் மழை.

செவான் ஏரியிலிருந்து மலைச்சாலையில் டிலிஜான் ஊருக்கு இறங்கி வருகிறவர்கள் இதை ஒரு அதிசயம் போலப் பேசுவார்கள். சாலையோரம் தார்ப்பாய் கட்டிக் கடை போட்டிருந்த சிரானுஷுக்கு அதில் அதிசயம் எதுவும் தெரியவில்லை. ஈரம்தான் தெரிந்தது.

அன்றும் மழை. மேசையில் தேன் ஜாடிகள், காட்டு ஓமத் தழை, காய்ந்த புதினா. அவள் மடியில் அவெலுக் கீரை. பச்சையில் வாயில் வைக்க முடியாத கசப்பு. சடையாகப் பின்னிக் காயப்போட்டால்தான் இறங்கும். பின்னிக்கொண்டிருந்தாள்.

பழைய நீவா கார் ஒன்று முக்கி முனகி நின்றது. ஒருவன் தலையில் சட்டையைப் போர்த்திக்கொண்டு தார்ப்பாய்க்குள் ஓடி வந்தான்.

"வைப்பர் போயிடுச்சு... மழை விடற வரைக்கும் நின்னுக்கறேன்."

"நில்லுங்க. நிக்கறதுக்குக் காசு இல்ல."

அவன் கீரைச் சடையைப் பார்த்தான். பிறகு அவள் தோளில் கிடந்த சடையைப் பார்த்தான்.

"இதுல எது விலைக்கு?"

"கீரை மட்டும்தான். இன்னொண்ணைப் பத்திப் பேசினா கத்தரிக்கோல் இருக்கு."

"சடைக்கா?"

"உங்க நாக்குக்கு."

"ஐயோ... அது மட்டும் வேணாம். என் பொழப்பே அதுலதான்."

அவன் பெயர் கரேகின். டிலிஜானில் மூலிகைத் தேநீர் கலந்து பொட்டலம் கட்டும் இடத்தில் வேலை. ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். சிரித்தான். நனைந்த வால்நட் ஓட்டின் நிறத்தில் கண்கள்... அதைக் கவனித்ததற்காக சிரானுஷுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில்தான் ஒரு கிளாஸ் ஓமத் தேநீரையும், ஒரு கரண்டித் தேனையும் அவன் முன்னால் வைத்தாள்.

தேநீரை ரசித்துக் குடித்தான். தேனை வாயில் வைத்தான். கண்ணை மூடிக் காத்திருந்தான். பிறகு தலையை வெளியே நீட்டி... துப்பினான்.

"சர்க்கரை."

"என்னது?"

"மலைத் தேன்னா தொண்டையைப் பிடிக்கணும். இருமல் வரணும். இது வழுக்கிட்டுப் போகுது. தேனீக்குச் சர்க்கரைத் தண்ணி ஊத்தி எடுத்தது."

"எங்கண்ணன் வளர்க்கிற தேனீ அது! எழுந்து போறீங்களா, இல்ல இந்த ஜாடியை உங்க தலையில கவுக்கட்டுமா?"

"கவுத்தாலும் எறும்புதான் வரும். தேனீ வராது."

மழையிலேயே போனான். வைப்பர் இல்லாமலே போனான். விழுந்து சாகட்டும் என்று நினைத்தாள். வளைவு தாண்டும்வரை பார்த்துக்கொண்டும் இருந்தாள்.

வீட்டுக்குப் போனதும் அந்தத் தேனை ஒரு கரண்டி வாயில் போட்டாள். காத்திருந்தாள். தொண்டை சும்மா இருந்தது. தேன்பெட்டிகளுக்குப் பின்னால், ஈர வைக்கோலுக்கு அடியில், காலிச் சர்க்கரைச் சாக்குகள் கிடந்தன. கொஞ்ச நேரம் பார்த்தாள். எடுத்ததை எடுத்தபடியே மடித்து வைக்கோலை மேலே இழுத்து மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுவாரம் கார் மறுபடி நின்றது.

"மன்னிப்பு கேக்க வரல. தேன் சர்க்கரைதான். தேநீர் நல்லாருந்துச்சு... அதுக்கு வந்தேன்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். நடக்கவில்லை.

அந்தக் கோடை முழுக்க வந்தான். புதினாவை வெயிலில் போட்டுக் கொன்றுவிட்டாய் என்றான். இந்தத் தலைத்துணி உனக்கு வேண்டாம், காமாலைக்காரி மாதிரி இருக்கிறாய் என்றான். ஊரே வாய்க்கு வாய் 'ஜான், ஜான்', கண்ணே, உயிரே என்று கொஞ்சும். எதையாவது விற்பதற்கு, இல்லை எதையாவது மறைப்பதற்கு. இவன் ஒருவன்தான் வாயில் வைத்ததைச் சொன்னான். சிரானுஷ் விழுந்தது அந்தக் கண்ணில் இல்லை. அந்த நாக்கில்.

சாக்குகளைப் பற்றி மட்டும் அவள் அவனிடம் சொல்லவில்லை. நீ சொன்னது சரி என்று எப்படிச் சொல்வது? தன் வாயாலேயே?

இலையுதிர் காலம் தொடங்கும்போது, கரேகின் தன் அம்மா பெர்ச்சுஹியோடு பெண் கேட்டு வந்தான். ஒரு புட்டி கோன்யாக் மது, சாக்லேட் பெட்டி, இஸ்திரி போட்ட சட்டை. சம்மதம் வரும்வரை வந்தவர்கள் மேசையில் எதையும் தொடக் கூடாது. ஆகவே யாரும் எதையும் தொடவில்லை.

சிரானுஷின் அண்ணன் வாச்சிக் எதிரே உட்கார்ந்திருந்தான். அப்பா போனபிறகு அவன்தான் வீடு.

"மாப்பிள்ளையை எனக்குத் தெரியும்" என்றான். "பக்கத்துக் கடைக்காரிங்க சொன்னாங்க. ரோட்டுல என் தேனைத் துப்பின ஆள்."

தேன் கிண்ணத்தை நகர்த்தி கரேகின் முன்னால் வைத்தான்.

"ரோட்டுல துப்பினதை என் வீட்டு மேசையில முழுங்கணும் தம்பி. முழுங்கிட்டு எப்படின்னு சொல்லு. அப்புறம் என் வார்த்தை."

கரேகின், மேசையோரம் நின்ற சிரானுஷைப் பார்த்தான். துப்பிடு... என்றது அவள் மனம். முழுங்கிடு, முழுங்கிடு என்றும் அதே மனம்தான் கெஞ்சியது. அவள் முகத்தில் எதைப் படித்தானோ...

கரண்டியை எடுத்தான். விழுங்கினான்.

இருமினான்.

"தொண்டையைப் பிடிக்குதுண்ணே. அசல் மலைத் தேன். அன்னிக்கு என் நாக்குதான் தப்பு."

வாச்சிக் மேசையை ஓங்கித் தட்டினான். "வார்த்தை குடுத்தாச்சு! ஊத்துங்க!"

பெர்ச்சுஹி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுலயே ஒரு ஜாடி எடுத்து வையுங்க. கல்யாணத்தன்னிக்கு எங்க வாசல்ல ரெண்டு பேர் தோள்லயும் லவாஷ் ரொட்டி போட்டு, இந்தத் தேனைத்தான் ஊட்டுவேன்."

சிரானுஷுக்கு அந்த இருமல் மட்டுமே காதில் இருந்தது. சின்னதாக, நறுவிசாக, சரியான இடத்தில் வந்த இருமல். அந்தத் தேனுக்கு எந்தத் தொண்டையும் இருமாது. அவளுக்குத் தெரியும்.

"அத்தை... வேணாம். அது சர்க்கரை."

கிளாஸ்கள் பாதியில் நின்றன.

"என்ன சொன்ன?" என்றான் வாச்சிக்.

"சாக்கை நான் பாத்தேன்ணே."

அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"மலையில பூ இருந்தாதானே? எல்லாம் மழையில அழுகிக் கெடக்கு. நீ தின்ன ரொட்டி எதுல வந்துச்சுன்னு நெனச்ச? அவனே நல்லாருக்குன்னுட்டான்... உனக்கென்ன வந்துச்சு?"

பெர்ச்சுஹி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். மகனிடம் மட்டும் பேசினாள்.

"கூடப் பொறந்தவனையே சபையில காட்டிக் குடுக்குது. நாளைக்கு உன்னை விடுமா? வா."

கரேகின் வாசலில் ஒருமுறை நின்றான். பிறகு போனான்.

வாச்சிக் பெட்டிகளை விற்றுவிட்டு ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். தங்கையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. விஷயம் பரவி, அந்தச் சாலையில் யார் கடைத் தேனையும் யாரும் வாங்கவில்லை. பக்கத்துக் கடைக்காரிகள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உண்மை பேசியவளுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

ஒரு மழைநாளில் நீவா வந்து நின்றது. புது வைப்பர் போட்டிருந்தான்.

சிரானுஷ் கெட்டிலைப் பார்த்தபடியே நின்றாள். தண்ணீர் கொதித்தது... கொதித்துக்கொண்டே இருந்தது.

"துப்பியிருக்கணும்" என்றான்.

"ஆமா."

"உன்னை விட்டுடுவேனோன்னு பயம்."

"தெரியும். நானும் ஒழுங்கில்ல. சாக்கைப் பாத்துட்டு மடிச்சு வெச்சவதானே."

"எனக்கு நீ வேணும் சிரானுஷ். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

அவள் தேநீரை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"எனக்கும் நீங்கதான். இப்பவும். அதைச் சொல்லாம விட்டா, நானும் உங்களை மாதிரி இருமின கதைதான்... அதான் சொல்றேன். ஆனா வரமாட்டேன்."

"ஏன்?"

"நீங்க நல்லாருக்குன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் உங்க தொண்டையைத்தான் பாப்பேன். சாப்பாட்டுக்கு, துணிக்கு, பொறக்கற குழந்தைக்கு... எல்லாத்துக்கும் பாப்பேன். அப்படி வாழ முடியாது."

அவன் கிளாஸை எடுத்துக் குடித்தான். பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"எப்படி இருக்கு?"

அவன் அவளைப் பார்த்தான். நேராக, அந்த முதல் நாள் பார்த்த மாதிரி.

"கசக்குது. ரொம்ப நேரம் கொதிக்க விட்டுட்ட."

கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, மழையில் இறங்கிப் போனான். கார் மேட்டில் ஏறி, சுரங்கத்துக்குள் நுழைந்து, வெயில் இருக்கிற பக்கம் போய்விட்டது.

சிரானுஷ் மேசையைத் துடைத்தாள். ஒரு வண்டி நின்று, தேன் இருக்கிறதா என்று யாரோ கேட்டார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். முடியவில்லை.

தொண்டையைப் பிடித்துக்கொண்டது.